இரண்டு தண்ணீருக்கு நடுவே ஒரு பாட்டு: திருகோணமலைப் படப்பிடிப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில் பாட்டு வீடியோ எடுப்பது இப்போது புதினமில்லை. உள்ளூர்ப் பெடியங்கள் எடுக்கிறார்கள், கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகிறார்கள், விடுமுறைக்கு வந்த புலம்பெயர் பிள்ளைகளும் ஒன்று எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். இப்படியான படப்பிடிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் திட்டமும் அதே இடங்களில் வரும் சறுக்கல்களும் இங்கே ஒரே நிகழ்வாகக் கோர்த்துத் தரப்படுகின்றன. ஆட்களின் பெயர் இல்லை. இடம், வெயில், காற்று, கணக்கு எல்லாம் உள்ளபடி.

பாட்டு 4 நிமிடம் 10 நொடி. வேகம் நிமிடத்துக்கு 96 அடி, நான்கு அடிக்கு ஒரு தாளக்கட்டு. ஆக ஒரு கட்டு 2.5 நொடி, முழுப்பாட்டும் சரியாக 100 கட்டு. முன்னிசை 8, பல்லவி 16, இடையிசை 12, முதற் சரணம் 20, பல்லவி 8, இடையிசை 8, இரண்டாம் சரணம் 20, முடிவுப் பல்லவி 8. இப்படிக் கட்டுக் கணக்கில் பிரித்து எழுதிய தாள் ஒன்று இயக்குநர், கமராக்காரர், பிளேபேக் (பாடகர் வாயசைக்க ஒலிக்கவிடும் பாட்டு) போடுகிறவர் மூவர் கையிலும் இருக்கவேண்டும். "இரண்டாம் சரணத்தில் அந்த இடம்" என்று கடற்கரைக் காற்றில் கத்திக்கொண்டு நிற்பதைவிட "76ஆம் கட்டிலிருந்து" என்றால் வேலை முடிந்தது.

ஜூலை மாதம், இரண்டு நாள், பதினொரு பேர். முதலில் எழுதிய இடப்பட்டியலில் ஏழு: டைக் வீதிப் பக்கத்து டச்பே கடற்கரை, பிரெட்ரிக் கோட்டையும் அதற்குள் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையும், உட்துறைமுகம், கன்னியா வெந்நீர் ஊற்று, நிலாவெளிக் கடற்கரை, புறாமலைத் தீவு, மார்பிள் பீச். கடைசியில் போய் எடுத்தவை பட்டியலில் மூன்று, பட்டியலில் இல்லாத பழைய வீடு ஒன்று. பட்டியலில் நான்கு இடம் போனதால் பாட்டுக்கு ஒரு நட்டமும் இல்லை. அந்த நான்கையும் முன்பே வெட்டியிருந்தால் ஒரு அரைநாள் மிஞ்சியிருக்கும்.

வெயில் எழுதும் அட்டவணை

கிழக்குக் கரையில் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. நிலாவெளியில் மாலை ஐந்தரைக்குக் கமராவைக் கடல் பக்கம் திருப்பிவிட்டு "செவ்வானம் எங்கே" என்று தேடுகிற குழுக்கள் இன்னமும் உண்டு. அங்கே சூரியன் முதுகுப் பக்கம், பனைமரங்களுக்கும் விடுதிகளுக்கும் பின்னால் இறங்கிவிடும். ஆனால் திருகோணமலை நகருக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது. நகரம் ஒரு கழுத்துப் போன்ற நிலத்தில் கிடக்கிறது. கிழக்கே டச்பேயும் திறந்த கடலும், மேற்கே உட்துறைமுகம். கடலில் எழும் சூரியனையும் தண்ணீருக்கு மேல் சாயும் சூரியனையும் ஒரே நாளில், ஆட்டோவில் சில நிமிடத் தூரத்தில் எடுக்கலாம். இந்த ஊரின் உண்மையான சொத்து இதுதான். இதை வைத்து அட்டவணை போடாமல் பாட்டின் வரிசையில் போட்டால் எல்லாம் பிழையாகிவிடும்.

நமது குழு முதலில் பாட்டின் வரிசையில்தான் போட்டிருந்தது. முன்னிசைக்குக் கோயில், பல்லவிக்கு நிலாவெளி, சரணத்துக்குத் துறைமுகம் என்று. அதன்படி நிலாவெளிக்குப் போய்ச் சேர்வது பதினொன்றரைக்கு. தலைக்கு மேல் வெயில், கண்குழியில் கறுப்பு நிழல், மணலில் வெள்ளை எரிப்பு. திருத்திய அட்டவணை வெயிலின் வரிசையில் வந்தது. முதல் நாள் விடிய டச்பே, மதியம் பழைய வீடு ஒன்றின் விறாந்தை, மாலை உட்துறைமுகம். இரண்டாம் நாள் விடிய நிலாவெளிக் கரைவலை.

ஜூலையில் திருகோணமலையில் சூரிய உதயம் 5.55 அளவில், மறைவு 6.28 அளவில். உதயத்துக்கு முந்திய அரைமணியும் பிந்திய ஒரு மணியும்தான் முகத்துக்கு உதவும் வெளிச்சம். 7.15க்குப் பிறகு டச்பேயில் பாடகரைக் கடல் பார்க்க நிறுத்தினால் அவர் கண் திறக்கமாட்டார். ஆகவே 4.45க்குக் கரையில் நிற்கவேண்டும், 5.20க்கு முதல் ஷொட். அலங்காரம், உடை எல்லாம் விடுதியில் முடித்துவிட்டு வரவேண்டும். கடற்கரையில் முகப்பூச்சுப் பெட்டியைத் திறந்தால் மணல்தான் பூசப்படும்.

மாதத்தைப் பொறுத்து ஒன்று மாறும், அதைப் பலர் கவனிப்பதில்லை. ஜூன், ஜூலையில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து 22 பாகை அளவு வடக்கே தள்ளி எழும், டிசம்பரில் அதேயளவு தெற்கே. டச்பேயில் நின்று பார்த்தால் சுவாமி மலை வடகிழக்கே இருக்கிறது. ஆகவே ஜூலையில் சூரியன் மலைக்குக் கிட்ட எழும். நிற்கும் இடத்தைச் சற்று மாற்றிப் பிடித்தால் முழுச்சட்டகக் (full-frame) கமராவில் 24 மில்லிமீற்றர் லென்ஸுக்குள் மலையும் சூரியனும் இரண்டும் அடங்கும். டிசம்பரில் அடங்காது. அந்த மாதத்தில் வேறு காரணங்களாலும் வரவேண்டாம்.

காரணம் மழை. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காலம், நவம்பர், டிசம்பரில் கடல் குமுறும், மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் சேற்றுத் தண்ணீரால் குடாவே நிறம் மாறும். மே முதல் செப்டெம்பர் வரை கடல் தெளிந்து கிடக்கும். நீருக்கடிக் காட்சிக்கு இந்த ஊரைத் தேடி வந்தவர்கள் இந்தத் தெளிவுக்காகத்தான் வந்தார்கள். எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் 1956இல் சுவாமி மலை அடியில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் பழைய தூண்களைக் கண்டார்கள். 1962இல் வில்சன் இயக்கிய ‘ரண்முத்து தூவ’, முதலாவது சிங்கள வண்ணப்படம், இந்தக் கடலின் அடியைத் திரையில் காட்டியது.

கேற்றுகள்

திருகோணமலையில் அழகான இடம் எதுவானாலும் அதற்கு ஒரு கேற் உண்டு, கேற்றில் ஒரு ஆள் உண்டு. கோட்டைக்குள் இராணுவம், துறைமுகத்தின் ஒரு பக்கம் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. மார்பிள் பீச்சும் விமானப்படையின் நிர்வாகத்தில். புறாமலை தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்துக்குரியது. கன்னியா தொல்லியல் திணைக்களத்துக்கு. கைத்தொலைபேசியில் படம் பிடிக்கும் சுற்றுலாக்காரரை எவரும் கேட்பதில்லை. முக்காலி, வெளிச்சத் தட்டி, உடை மாற்றிய நடிகை என்று ஒரு கூட்டம் வந்தால் கேள்வி வரும். அது நியாயமான கேள்வி.

இந்த நிகழ்வில் குழு கோயில் நிர்வாகத்தோடு பேசி ஒப்புதல் வாங்கியிருந்தது. ஆனால் கோயிலுக்குப் போகும் வழி கோட்டைக்குள்ளால். கோயிலின் ஒப்புதல் கோட்டை வாசலுக்குச் செல்லாது. இரண்டும் இரண்டு கடிதம். இதைக் காலை ஆறேமுக்காலுக்கு வாசலில் நின்றுகொண்டு அறிவது பயனில்லை. கடிதத்தில் இருக்கவேண்டியவை: வருகிற ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், வாகன இலக்கம், உபகரணப் பட்டியல் தொடர் இலக்கத்தோடு, நாள், மணி, எந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் பார்த்து எடுக்கப்போகிறோம் என்ற விவரம், பாட்டின் வரிகள். சிங்களத்தில் ஒரு பிரதி வைத்திருந்தால் வாசலில் நிற்பவர் மேலே கேட்காமலே வாசித்துவிடுவார். தொலைபேசியில் கிடைத்த "சரி" பணி மாறும் நேரத்தோடு முடிந்துபோகும். கையெழுத்தும் முத்திரையும் உள்ள தாள் முடியாது.

குழு கோட்டையைக் கைவிட்டு, சுவாமி மலையை டச்பேயிலிருந்து தூரப் பார்வையில் எடுத்தது. உண்மையில் அந்த ஷொட்தான் நல்லது. கோயில் முன்றலில் ஆட்டம் போட்டு எடுக்கும் பாட்டுகள் ஊரில் மனவருத்தத்தையே உண்டாக்குகின்றன. காதல் பாட்டுக்குக் கோயில் மலையின் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு எதற்கு?

நிர்வாக எல்லையும் கவனிக்கவேண்டியது. நகரமும் உப்புவெளியும் ‘பட்டினமும் சூழலும்’ என்ற பிரதேச செயலகப் பிரிவில் வரும், நிலாவெளி குச்சவெளிப் பிரிவில். ஒரு பிரிவில் வாங்கிய கடிதத்தை மற்றதில் நீட்டக்கூடாது. அந்தந்தப் பொலிசுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை முளைக்காது.

ட்ரோன் பற்றிச் சுருக்கமாக. பதிவும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் முன்னனுமதியும் வேண்டும், பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். கடற்படைத் தளமும் சீனக்குடா விமான நிலையமும் இருக்கும் ஊரில் "ஒரு நிமிடம் மட்டும் ஏற்றி இறக்குவோம்" என்ற பேச்சே ஆபத்து. நகரில் ட்ரோன் இல்லை என்று முடிவெடுத்துத் திட்டம் போடுங்கள். அனுமதி கிடைத்து நிலாவெளியில் ஏற்றினாலும் ஜூலையில் வீசுவது கச்சான் காற்று, மேற்கிலிருந்து, தரையிலிருந்து கடலுக்கு. போகும்போது ட்ரோன் சும்மா மிதந்து போகும், திரும்பும்போது எதிர்க்காற்றில் பற்றரி குடிக்கும். பாதி பற்றரியில் திருப்பாதவர்களின் ட்ரோன்கள் கடலில் கிடக்கின்றன. காலை எட்டரைக்கு முன் முடித்துவிடுவது நல்லது.

உதடும் பாட்டும்

பாட்டு வீடியோவில் கெட்டுப்போகும் முதல் விடயம் உதடு. கடற்கரையில் இது இரட்டிப்பு.

முதலில் கோப்பு. வாட்ஸ்அப்பில் வந்த எம்பி3 வேண்டாம். அமுக்கும்போது தொடக்கத்தில் சிறு வெற்றிடம் சேரும், பிறகு முதன்மைக் கோப்போடு பொருத்தும்போது அரைச்சட்டகம், ஒரு சட்டகம் (வீடியோவின் ஒரு தனிப்படம்) என்று விலகும். 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பு எடுங்கள். பாட்டு தொடங்குவதற்கு முன் இரண்டு கட்டு, அதாவது 5 நொடி, வெறுமையாக விட்டு அதில் மூன்று "பிப்" ஒலி வையுங்கள். பல்லவி, சரணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு, ஒவ்வொன்றின் தலையிலும் அதே மூன்று பிப். படப்பிடிப்புத் தொடங்கிய பின் இசையமைப்பாளர் பாட்டின் நீளத்தில் கைவைக்கக்கூடாது. "இடையிசையில் இரண்டு கட்டு குறைத்திருக்கிறேன், இப்போது நன்றாயிருக்கு" என்று எடிற்றிங் மேசைக்கு வரும் செய்தி ஒரு நாள் வேலையைத் தின்னும்.

மெதுவசைவு வேண்டுமென்றால் நொடிக்கு 25 சட்டகத் திட்டத்தில் 50 சட்டகமாக எடுத்து, பாட்டை இரட்டை வேகத்தில் போட்டுப் பாடவைக்கவேண்டும். 96 அடி 192 ஆகிவிடும். தமிழில் சொல் நெருக்கமான சரணத்தை அந்த வேகத்தில் வாயசைக்கப் பாடகர் திணறுவார், ழகரமும் றகரமும் உதட்டில் வராது. பல்லவியின் நீட்டி இழுக்கும் வரிகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது புத்தி. கமரா 40 சட்டகத்துக்கு இடம் கொடுத்தால் பாட்டை 1.6 மடங்கு வேகத்தில் போட்டால் போதும், கூந்தலும் அலையும் அதிலேயே அழகாக விழும்.

உட்துறைமுகத்தில் நடந்த தவறு பாடத்துக்குரியது. பாடகர் பைபர் வள்ளத்தில், கமராவும் ஸ்பீக்கரும் கரையில். வள்ளம் 15 மீற்றரில் தொடங்கி 40 மீற்றர் வரை விலகிப்போனது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர்தான் போகும். 15 மீற்றரில் பாட்டு பாடகரின் காதுக்கு ஒரு சட்டகம் பிந்தி வரும், 40 மீற்றரில் மூன்று சட்டகம். கமராவின் மைக்கோ ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், உடனுக்குடன் கேட்கிறது. எடிற்றிங்கில் தொடக்கத்தைச் சரிப்படுத்தினால் முடிவு விலகும், முடிவைச் சரிப்படுத்தினால் தொடக்கம் விலகும். பிந்தல் ஒரே அளவாக இருந்தால் இழுத்து வைத்துவிடலாம், மாறிக்கொண்டே போனால் ஷொட்டைத் துண்டு துண்டாக வெட்டவேண்டியதுதான்.

தீர்வு செலவில்லாதது. ஸ்பீக்கரை வள்ளத்துக்குள் பலகைக்குக் கீழே வையுங்கள், புளூடூத் இல்லாமல் வயரால் தொலைபேசியில் இணையுங்கள். கரைக் கமராவுக்கு ஒலி சரியாகக் கேட்காது, அதனால் மூன்றாவது பிப்பில் பாடகர் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டவேண்டும். கை சேரும் சட்டகமே அடையாளம். வள்ளத்தில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி. படத்துக்காகப் பாடகர் கழற்றினால், அவர் காலடியில் அது இருக்கவேண்டும், இஞ்சின் நிறுத்தியிருக்கவேண்டும்.

மதியத்தில் விறாந்தை. இங்கே சொல்ல அதிகமில்லை. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே 25 சட்டகத்துக்கு 1/50 ஷட்டர் வைத்தால் வீட்டு விளக்குகள் பெரும்பாலும் துடிக்காது. மலிவு எல்ஈடி மின்குமிழ்கள் துடித்தால் அணைத்துவிட்டு வாசல் வெளிச்சத்தை வெள்ளைச் சேலையால் வடித்து எடுங்கள்.

கரைவலை

நிலாவெளியில் விடியற்காலை கரைவலை இழுப்பதை எல்லோரும் பாட்டில் வைக்க விரும்புகிறார்கள். வைக்கலாம், ஒரு நிபந்தனையில்: அது அவர்களுடைய தொழில், அன்றைய சோறு. படப்பிடிப்புக்காக இன்னொருமுறை இழுங்கள் என்று கேட்க முடியாது.

முதல் நாளே வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் போய்ப் பேசவேண்டும். இழுப்பவர்களின் முகம் படத்தில் வருமா, வந்தால் அவர்களுக்குச் சம்மதமா, இழுப்பவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் அங்கேயே தீரவேண்டும். மீன் பட்டாலும் படாவிட்டாலும் அந்தப் பணம் மாறக்கூடாது.

இரண்டு கயிற்றில் இரண்டு அணி, மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கும். கயிற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒருவரும் நிற்கக்கூடாது, முக்காலிக் கால் கயிற்றின் வழியில் இருக்கக்கூடாது, ஈரக்கயிறு விலகி அடித்தால் கமராவும் போகும் காலும் போகும். பாடகரையும் இழுப்பவர்களோடு சேர்ப்பதென்றால் நடுக்கட்டத்தில், ஒரே சீராகக் கயிறு வரும் நேரத்தில் சேருங்கள். மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வரும் கடைசி நிமிடங்களில் வெளியே எடுத்துவிடுங்கள். அப்போது எல்லோருடைய கண்ணும் மீனில். மொடல் ஆள் ஒருவர் நடுவில் நின்றால் திட்டு விழும், விழவேண்டும்.

இழுக்கும்போது பிளேபேக் போடவேண்டாம். அவர்களுக்கு அவர்களுடைய தாளம் உண்டு, மூத்தவர்கள் இருந்தால் அம்பா என்ற வலையிழுப்புப் பாட்டும் வரும். 96 அடிப் பாட்டை உரக்கப் போட்டால் இழுப்பு குலையும், குலைந்தால் கால் மாறும், முகத்தில் எரிச்சல் தெரியும். எனவே கரைவலைப் பகுதியை உதடசைவில்லாத இடையிசைக்கு ஒதுக்குங்கள். நமது தாளில் அது 25 முதல் 36 வரையான 12 கட்டு, 30 நொடி. ஒன்றரை நொடி, இரண்டு நொடித் துண்டுகளாக வெட்டினால் பதினெட்டு ஷொட் போதும். இரண்டு கமரா: ஒன்று கீழே மணலோடு அகன்ற லென்ஸில், மற்றது தூரத்தில் 135 மில்லிமீற்றர் லென்ஸில். அந்த 135 இன்னொன்றுக்கும் உதவியது. புறாமலை கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில். முழுச்சட்டகத்தில் 135 மில்லிமீற்றர் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 270 மீற்றர் அகலத்தைப் பிடிக்கும், தீவின் நீளம் 200 மீற்றர் அளவு. பாடகரின் தோளுக்குப் பின்னால் தீவு சட்டகத்தை நிறைத்து நிற்கும். அங்கே போகவும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம், பவளத்தில் மிதிக்கவும் வேண்டாம். ஒன்பது மணிக்கு மேல் கானல் ஓடத் தொடங்கும், தீவு நெளியும். அதற்கு முன் எடுக்கவேண்டும்.

வெளிச்சம், உப்பு, மணல்

கணக்கு நேரடியானது. முழு வெயிலில் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50, எஃப் 2.8 என்று வைத்தால் வெளிச்சம் ஒன்பது ஸ்டொப் அதிகம் (ஒரு ஸ்டொப் என்றால் இரட்டிப்பு). அதைக் குறைக்க லென்ஸுக்கு முன் மாட்டும் கருங்கண்ணாடியான என்டி பில்டர், ஒன்பது ஸ்டொப் அளவில், வேண்டும். வெள்ளை மணலில் பத்தும் தேவைப்படும். சுழற்றும் வகை என்டியை அகன்ற லென்ஸில் உச்சிக்குத் திருப்பினால் வானத்தில் கறுப்புச் சிலுவை விழும். சின்னத் திரையில் அது தெரியாது, வீட்டில் வந்துதான் தெரியும். அகன்ற லென்ஸுக்கு நிலையான பில்டர் வாங்குங்கள். முகத்துக்கு வெளிச்சத் தட்டி தேவையில்லை, மணலே கீழிருந்து தட்டிக்கொடுக்கும். அதிகமாகத் தட்டினால் தாடைக்குக் கீழே ஒரு கறுப்புத் துணி விரித்தால் முகத்துக்கு வடிவம் வரும்.

குளிரூட்டிய வானிலிருந்து கமராவை நேரே கடற்கரைக்கு எடுத்தால் லென்ஸ் பனிக்கும். துடைத்தாலும் திரும்பத் திரும்பப் பனிக்கும். இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பு ஏசியை நிறுத்திக் கண்ணாடியைத் திறந்து, பையை மூடியபடி சூடேற விடுங்கள். லென்ஸ் மாற்றுவது வாகனத்துக்குள் மட்டும். உப்புத் தூவல் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதி மணலைப் போக்கி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி, பிறகு உலர்துணி. முக்காலிக் கால்களை அன்றிரவே கழற்றி நன்னீரில் அலசவேண்டும். அடுத்த நாள் பார்ப்போம் என்றால் பூட்டுத்திருகு இறுகிவிடும்.

பதிவு நொடிக்கு 140 மெகாபிட் என்றால் ஒரு மணிநேரத்துக்கு 63 ஜிபி. இரண்டு கமரா, இரண்டு நாள் என்று பெருக்கி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். அட்டையை அழிப்பதற்கு முன் இரண்டு பிரதி, இரண்டும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகு. கொழும்புக்குத் திரும்பும்போது ஒரு பிரதி வானில், மற்றது ரயிலில் வருகிறவரின் பையில் போகட்டும்.